மயக்கத்துக்கு முந்தைய நாட்கள்

காசநோய் மூளையைத் தாக்கும்போது தலைக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. கிருமிக்கு மருந்து இருக்கிறது, நீருக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. இருந்தும் ஏன் இத்தனை உயிர்களும் பார்வையும் பறிபோகின்றன?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1991-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூளையுறையில் காசநோய் தாக்கி, அதனால் மூளைக்குள் நீர் கோத்துக்கொண்ட 114 பேரைப் பற்றிய ஆய்வு அது. அத்தனை பேருக்கும் வந்தது ஒரே நோய். அத்தனை பேருக்கும் செய்தது ஒரே வகை அறுவை சிகிச்சை: தேங்கிய நீரை வடியவிடும் ‘ஷன்ட்’ குழாய். அறுவைக்கு முன் அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதை வைத்து மருத்துவர்கள் அவர்களை நான்கு படிகளாகப் பிரித்தார்கள்.

முதல் படியில் இருந்தவர்களுக்குத் தலைவலி, வாந்தி, காய்ச்சல் இருந்தன. நினைவு தெளிவாக இருந்தது, கை கால் நன்றாக இயங்கின. இவர்களில் 20 சதவீதம் பேர் இறந்தார்கள். இரண்டாம் படியில் நினைவு தெளிவு, ஆனால் நரம்பு பாதிப்பு தொடங்கியிருந்தது. இறந்தவர்கள் சுமார் 35 சதவீதம். மூன்றாம் படியில் நினைவு மங்கியிருந்தது; பாதிக்கும் சற்று மேல், 52 சதவீதம். நான்காம் படியில் ஆழ்ந்த மயக்கம். அவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

உலகெங்கும் நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் ‘வேலூர் அளவுகோல்’ இதுதான். நம் மண்ணில் பிறந்த இந்த அளவுகோல் சொல்லும் செய்தி, மருத்துவர்களைத் தாண்டி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். இந்த நோயில் ஒருவர் பிழைப்பாரா, பிழைத்தால் எப்படி வாழ்வார் என்பதில் பெரும்பகுதி, அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

நுரையீரலிலிருந்து மூளை வரை

காசநோய்க் கிருமி காற்றின் வழியாக நுரையீரலுக்குள் நுழைகிறது. பெரும்பாலோரின் உடல் அதை அங்கேயே அடக்கிவைத்துவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சத்துக் குறைவால் மெலிந்தவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் ஆகியோரின் உடலால் பல நேரம் அடக்க முடிவதில்லை. கிருமி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போய்ச் சேர்கிறது.

போனதும் காய்ச்சலைக் கிளப்புவதில்லை. மூளையின் மேற்பரப்பை ஒட்டி ஒரு சிறு முடிச்சாகத் தங்கிவிடுகிறது. இதை 1933-ல் விளக்கியவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய ஆர்னால்டு ரிச், ஹோவர்டு மெக்கார்டாக் ஆகிய இருவர். அந்த முடிச்சு ஒருநாள் உடைந்து, மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில் கிருமியைக் கொட்டும்போதுதான் மூளையுறைக் காய்ச்சல் தொடங்குகிறது என்று அவர்கள் காட்டினார்கள். காசநோய் வந்தவர்களில் மிகச் சிலருக்கே இப்படி ஆகிறது. ஆனால் காசநோயின் எல்லா வடிவங்களிலும் மிகக் கொடியது இதுவே.

இந்தத் திரவத்தைப் புரிந்துகொண்டால்தான் நோயின் இரண்டாம் கட்டம் புரியும். மூளையின் நடுவே உள்ள அறைகளில் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் தெளிந்த நீர் சுரக்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலுமாக எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 150 மில்லிதான். ஆகவே ஒரே நாளில் அது மூன்று முறைக்கும் மேல் புதிதாகிறது. அறைகளில் சுரந்த நீர் குறுகலான பாதைகள் வழியே இறங்கி, மூளையின் அடிப்பகுதிக்கு வந்து, அங்கிருந்து மூளையின் மேற்புறத்தைச் சுற்றி ஏறி ரத்தத்தில் கலந்துவிடும்.

காசநோய் தேர்ந்தெடுப்பது அந்த அடிப்பகுதியைத்தான். கெட்டியான, பிசுபிசுப்பான கசிவு அங்கே படிகிறது. தொட்டிக்கு மேலே குழாய் திறந்தபடியே இருக்க, அடியில் வடிகாலை மட்டும் சேறு அடைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ, அதுதான் தலைக்குள்ளும் ஆகிறது. நீர் தேங்குகிறது. மூளையின் அறைகள் வீங்குகின்றன. மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது.

அடைப்பு இரண்டு இடங்களில் நேரலாம். அறைகளிலிருந்து நீர் வெளியே வந்துவிடுகிறது, ஆனால் அடிப்பகுதியைக் கடந்து ரத்தத்தில் கலக்க முடியவில்லை என்பது ஒரு வகை. காசநோயில் அதிகம் காணப்படுவது இதுவே. அறைகளை விட்டு வெளியேறும் குறுகிய வழியே அடைபடுவது இன்னொரு வகை. எந்தச் சிகிச்சை பலிக்கும், எது ஆபத்து என்பதெல்லாம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

அடிப்பகுதியில் ஓடுவது நீர் மட்டுமல்ல. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அங்கேதான் கிளை பிரிகின்றன. கசிவுக்குள் சிக்கிய தமனிகள் சுருங்கி அடைபட்டால் பக்கவாதம். பார்வை நரம்புகள் அங்கேதான் ஒன்றையொன்று கடக்கின்றன. அவை நசுங்கினால் பார்வை இழப்பு. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு தளர்ந்தால் மாறுகண், எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிவது. நீரை வடித்துவிட்டால் அழுத்தம் குறையும். இறந்துபோன மூளைத் திசு திரும்பாது. ஒவ்வொரு நாளும் விலைமதிப்பற்றது என்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு வாரத் தலைவலி

மற்ற மூளைக்காய்ச்சல்கள் ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். காசநோய் அப்படி வருவதில்லை, மெல்ல வருகிறது. மாலையில் இலேசான காய்ச்சல். பசியில்லை. எடை குறைகிறது. ஓடியாடிய பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறது, காரணமில்லாமல் சிணுங்குகிறது, பள்ளிக்கூடம் போக மறுக்கிறது. பிறகு தலைவலி, காலையில் வாந்தி.

இந்த நாட்களில் டைபாய்டு, ஒற்றைத் தலைவலி, சைனஸ், பூச்சித்தொல்லை, கண்ணாடி போட வேண்டிய கண் என்று பல பெயர்கள் சூட்டப்படுகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் சில நாட்கள் மருந்து. வலிப்பு வந்துவிட்டால் மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களும் உண்டு. பெற்றோரைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. தொடக்கத்தில் இந்த நோய் நூறு சாதாரண நோய்களின் சாயலில்தான் இருக்கிறது. அனுபவமுள்ள மருத்துவரும் முதல் நாளில் தவறவிடலாம். தவறவிடக் கூடாதது இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்.

இரண்டு வாரத்தைத் தாண்டியும் காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து தொடர்ந்தால், அத்துடன் வாந்தியோ தூக்கக் கலக்கமோ நடத்தை மாற்றமோ இருந்தால், காசநோயை நினைத்தே ஆக வேண்டும். மாறுகண், பார்வை மங்கல், ஒரு பக்கத்துக் கை கால் சோர்வு, வலிப்பு, எழுப்பினால் மட்டும் கண் திறப்பது ஆகியவை தெரிந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைக்குழந்தைகள் தலைவலியைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு உச்சிக்குழி புடைத்து நிற்கும், தலை வேகமாகப் பெரிதாகும், கருவிழிகள் கீழ்நோக்கி இறங்கி மேலே வெள்ளை தெரியும்.

மருத்துவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: “வீட்டில் யாருக்காவது டி.பி. இருக்கிறதா, நாள்பட்ட இருமல் இருக்கிறதா?” தாத்தாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ஆயாவாக இருக்கலாம், வேலைக்காக வெளியூர் போய்த் திரும்பிய சித்தப்பாவாக இருக்கலாம். சிறு குழந்தைக்குக் காசநோய் என்றால், அதைக் கொடுத்த பெரியவர் ஒருவர் பெரும்பாலும் அருகிலேயே இருப்பார்.

கைவிரித்த காலம்

இந்த நோயை எடின்பரோ மருத்துவர் ராபர்ட் விட் தெளிவாக எழுதிவைத்தார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1768-ல், அந்த நூல் வெளிவந்தது. குழந்தைகளின் மூளையில் நீர் கோத்துக்கொள்வதையும், அந்த நோய் நாடித்துடிப்பு மாற மாறப் படிப்படியாக முற்றுவதையும் அவர் விவரித்தார். அவர் பார்த்தவை பெரும்பாலும் காசநோயால் வந்தவை என்று இன்று மருத்துவ உலகம் கருதுகிறது. கிருமியை ராபர்ட் காக் 1882-ல் அடையாளம் காட்டினார். காரணம் தெரிந்தது, கையில் மருந்து இல்லை. மூளையுறைக் காசநோய் என்றால் ஏறக்குறைய உறுதியான மரணம் என்ற நிலை பல தலைமுறைகளுக்கு நீடித்தது.

1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். 1948-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு இந்த மருந்தை மூளையுறைக் காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டது. முதல்முறையாகக் குழந்தைகள் பிழைத்தார்கள். நோயை மூன்று கட்டங்களாகப் பிரிக்கும் வழக்கமும் அந்த ஆய்விலிருந்தே வந்தது. 1952-ல் ஐசோநியாசிட் என்ற மருந்து வந்தது. அது மூளைத் திரவத்துக்குள் எளிதாக ஊடுருவக் கூடியது. கிருமியை வெல்ல வழி பிறந்த பிறகுதான், தேங்கிய நீரை என்ன செய்வது என்ற கேள்விக்கே பொருள் வந்தது.

முதுகில் ஊசி

நோயை உறுதிசெய்ய முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசி நுழைத்துச் சில மில்லி திரவம் எடுக்கிறார்கள். “முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்” என்ற அச்சம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மறுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் குடும்பங்கள் உண்டு. ஊசி நுழையும் இடத்தில் தண்டுவடம் கிடையாது. அதற்கு மேலேயே அது முடிந்துவிடுகிறது. முறையாகச் செய்தால் இந்தச் சோதனையால் கால் முடங்காது. தலைக்குள் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டே மருத்துவர் ஊசியைத் தொடுவார். நோயால்தான் கால் விழும். இதைப் பொறுமையாக, குடும்பத்துக்குப் புரியும் சொற்களில் விளக்குவது மருத்துவமனையின் கடமை. கையெழுத்து வாங்கும் அவசரத்தில் அது காணாமல் போகக் கூடாது.

எடுத்த திரவத்தில் சர்க்கரை குறைந்து, புரதம் கூடி, லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் பெருகியிருந்தால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகும். ‘ஜீன் எக்ஸ்பர்ட்’ சோதனை சில மணி நேரத்தில் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்றும் சொல்கிறது. இந்தச் சோதனையின் மேம்பட்ட வடிவமான ‘அல்ட்ரா’வை உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் மூளையுறைக் காசநோய்க்குப் பரிந்துரைக்கிறது. ஆனால் திரவத்தில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். ‘இல்லை’ என்று முடிவு வந்தாலும் நோய் இல்லை என்றாகாது. சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே மருத்துவ உலகின் பொதுக் கருத்து.

மருந்து பொதுவாக ஓர் ஆண்டு. முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகள், பிறகு எண்ணிக்கை குறையும். இரண்டு மாதத்தில் பிள்ளை எழுந்து விளையாடத் தொடங்கியதும் நிறுத்திவிடுவது பேராபத்து. கூடவே ஸ்டீராய்டு மருந்தும் சில வாரங்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கப்படும். வியட்நாமில் 545 பேரிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பெறாதவர்களில் சுமார் 41 சதவீதம் பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் சுமார் 32 சதவீதம். மலிவான ஒரு மருந்து நூறில் ஒன்பது உயிர்களைக் கூடுதலாகக் காப்பாற்றியது.

நீருக்கு வழி

நீர் கோத்துவிட்டது என்றதும் எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. அறைகளிலிருந்து நீர் வெளியேறும் வகையாக இருந்தால், நீர்ச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளாலும், திரும்பத் திரும்ப முதுகிலிருந்து நீர் எடுப்பதாலும் பலரைக் காப்பாற்ற முடிகிறது. அறைகளின் வாசலே அடைபட்ட வகையில் முதுகிலிருந்து நீர் எடுப்பது உயிருக்கே ஆபத்து. அங்கே அறுவை ஒன்றே வழி. மருந்தில் அழுத்தம் தணியாதவர்களுக்கும், நினைவு மங்கத் தொடங்கியவர்களுக்கும் அதே வழிதான்.

ஷன்ட் என்பது மெல்லிய சிலிகோன் குழாய். மூளையின் அறையிலிருந்து தோலுக்கு அடியிலேயே காதின் பின்புறம், கழுத்து, மார்பு வழியாக இறங்கி வயிற்றுக்குள் முடியும். நடுவில் ஒரு வால்வு, நீர் ஒரு திசையில் மட்டும் அளவாக வடியும்படி பார்த்துக்கொள்ளும். குழந்தை வளரும்போது இழுபடாமல் இருக்க, வயிற்றுக்குள் கூடுதல் நீளம் விட்டுவைப்பார்கள். இந்த வால்வுக்குப் பின்னால் ஒரு தந்தையின் தவிப்பு இருக்கிறது. பிலடெல்பியாவில் தன் மகனின் தலையில் நீர் தேங்குவதைக் கண்ட ஜான் ஹால்டர் என்ற தொழில்நுட்பர், நரம்பியல் அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸுடன் சேர்ந்து 1956-ல் சிலிகோன் வால்வை உருவாக்கினார். இறக்குமதிக் குழாய்களின் விலை எட்டாத நம் நாட்டில், டெல்லி எய்ம்ஸின் குழந்தைகள் அறுவை நிபுணர் உபாத்யாயா மலிவு விலை ஷன்டை வடிவமைத்தார். பிறகு உத்தரப் பிரதேசத்தில் தயாரான ‘சாப்ரா ஷன்ட்’ ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆழ்ந்த மயக்கத்தில் வருகிறவர்களுக்கு, மண்டையில் சிறு துளையிட்டு நீரை முதலில் வெளியே ஒரு பையில் வடியவிட்டு, முன்னேற்றம் தெரிந்தால் நிரந்தரக் குழாய் வைக்கலாம் என்று வேலூர் மருத்துவர்கள் சொன்னார்கள். பிற்காலத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள், நான்காம் படியில் வந்தவர்களிலும் ஒரு பகுதியினர் ஷன்ட்டுக்குப் பிறகு தேறியதைப் பதிவுசெய்தார்கள். தாமதமாக வந்தவர்களையும் கைவிடக் கூடாது என்பதற்கு அது சான்று.

பிழைத்த பிறகு

சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கிய காசநோய் ஆராய்ச்சி மையமும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்து, மூளையுறைக் காசநோய் வந்த 180 குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்து 1986-ல் முடிவுகளை வெளியிட்டன. ரிஃபாம்பிசின் உள்ளிட்ட மருந்துகள் கிடைத்தும் 27 சதவீதக் குழந்தைகள் இறந்தார்கள். 39 சதவீதம் பேர் நரம்பு பாதிப்புகளுடன் பிழைத்தார்கள். முழுமையாகத் தேறியவர்கள் 34 சதவீதம். எந்தக் கட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்பதே அங்கும் பெருமளவு முடிவைத் தீர்மானித்தது.

அந்த 39 சதவீதத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பார்வை மங்கிய பிள்ளை, ஒரு கை மடங்கிய பிள்ளை, படித்தது நினைவில் நிற்காத பிள்ளை. மாத்திரை முடிந்த நாளில் அரசுப் பதிவேட்டில் அவர்களின் சிகிச்சை முடிந்துவிடுகிறது. அவர்களுக்குத் தேவையான பிசியோதெரபியும், பேச்சுப் பயிற்சியும், கண் பரிசோதனையும், பள்ளியின் பரிவும் அந்த நாளில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் தாய் ஒருவரே இந்தச் சுமை முழுவதையும் சுமக்கிறார், கூலி வேலையை விட்டுவிட்டு.

ஷன்ட் வைத்த பிள்ளைகளின் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது ஒன்று. குழாய் எப்போது வேண்டுமானாலும் அடைபடலாம், அதில் தொற்று ஏற்படலாம். நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், மீண்டும் மாறுகண் வந்தாலும், குழாய் போகும் வழியில் வீக்கமோ சிவப்போ காய்ச்சலோ தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. அறுவை நடந்த விவரம், தேதி, பழைய ஸ்கேன் எல்லாம் ஒரே உறையில், எடுக்க எளிதான இடத்தில் இருக்கட்டும். பள்ளி ஆசிரியருக்கும் சொல்லி வையுங்கள்.

வருமுன் காக்க

பிறந்ததும் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியின் முதல் பயன் இங்கேதான். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுப்பதில்லை என்று காட்டியது. அதைக் கேட்டு ஊசியே வீண் என்று நினைத்தவர்கள் உண்டு. சிறு குழந்தைகளின் மூளையுறைக் காசநோயை அது பெருமளவு தடுக்கிறது. அதற்காகவே அது தொடர்கிறது. கிண்டியில் 1948-ல் நிறுவப்பட்ட பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் இந்த ஊசியைத் தயாரித்து நாடு முழுக்க அனுப்பியது.

ஊசி முழுக் கவசம் அல்ல. அடுத்த அரண், வீட்டுப் பெரியவரின் இருமலைச் சீக்கிரம் கண்டறிவது. ஒருவருக்குக் காசநோய் உறுதியானால், அந்த வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்பது அரசுத் திட்டத்தின் விதி. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது உயிர் காக்கும் மருந்து. நோயில்லாத பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்று பெற்றோர் தயங்குவார்கள்; அவர்களிடம் காரணத்தைச் சொல்லவும், மாதாமாதம் மாத்திரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்கவும் சுகாதாரப் பணியாளர்களுக்கு நேரமும் ஆதரவும் வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் தெளிவானவை. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் எந்த நேரமும் சி.டி. ஸ்கேனும், மூளைத் திரவத்துக்கு ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையும் நடக்க வேண்டும். நினைவு மங்கிய நோயாளியை நரம்பியல் அறுவை வசதியுள்ள மருத்துவக் கல்லூரிக்கு அன்றே அனுப்பும் ஏற்பாடு வேண்டும். பிழைத்தவர்களைச் சிகிச்சை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் பதிவேடு வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. மருந்து நம்மிடம் உண்டு, குழாய் நம் நாட்டிலேயே தயாராகிறது, எப்போது வைக்க வேண்டும் என்ற அளவுகோலை உலகுக்குக் கொடுத்ததே நாம்தான். இனி தாமதத்தால் ஒரு பிள்ளை பார்வையை இழந்தால், அதை நோயின் கொடுமை என்று சொல்லிவிட்டு நகரும் உரிமை நமக்கு இல்லை.